தூண் இல்லாத காற்றாலைக்கு ஓர் இடம் கொடுங்கள்

காற்று மின்சாரத்துக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்கள் விண்ணப்பம் நான்காவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. காரணம் இந்த முறையும் அதேதான்: 'தூணின் உயரம்' என்ற கட்டம் சரியாக நிரப்பப்படவில்லை.

ஐயா, நாங்கள் விடப்போவது மின்சாரம் எடுக்கும் பட்டம். அதற்குத் தூண் கிடையாது. கடிதத்தில் எழுதினோம், நேரில் வந்தும் சொன்னோம். 'இல்லை' என்று எழுதினால் முழுமையற்றது என்கிறீர்கள்; '0' என்று எழுதினால் தவறான விவரம் என்கிறீர்கள்.

நாங்கள் கேட்பது ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஒரு பொட்டல் நிலம், ஒரு காற்றுப் பருவம், 300 மீட்டர் வரை பறக்கவிட அனுமதி. அவ்வளவுதான்.

பட்டம் எட்டு போட்டபடி பறந்து கயிற்றை இழுக்கும், தரையில் அந்தக் கயிறு சுற்றியிருக்கும் உருளை சுழலும், ஜெனரேட்டர் ஓடும். கயிறு தீர்ந்ததும் பட்டத்தைச் சாய்த்து, கிடைத்த மின்சாரத்தில் சிறு பங்கைச் செலவழித்துச் சுருட்டிக்கொள்ளலாம். உயரே போகப் போகப் பொதுவாகக் காற்றின் வேகம் கூடும்; வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

1934-ஆம் ஆண்டு விமானச் சட்டமே பட்டத்தையும் விமானக் கணக்கில் சேர்த்திருந்தது. அதனால் கல்லூரி மைதானத்தில் தென்னை உயரத்துக்கு மேல் நாங்கள் விட்டதில்லை. போன ஆனியில், பிள்ளைகளே தைத்த 12 சதுர மீட்டர் பட்டம் அந்த உயரத்திலேயே இழுத்த இழுப்பில், கயிறு ஓடி ஒரு மாணவனின் தோல் கையுறை உள்ளங்கையில் கருகிப்போனது. "சார், இதுக்கே இப்படின்னா மேல எப்படி இருக்கும்!" என்றான். அவன் படிப்பு முடிந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கையுறை என் மேசையில் இருக்கிறது. விடுதிக் கட்டிலுக்கு அடியில் கிடந்த கயிற்றை எலி கடித்துவிட்டது.

'வெளிநாட்டிலேயே தோற்றுப்போன வேலை' என்றார் உங்கள் அலுவலகத்தில் ஒருவர். 2019-இல் நார்வே கடலில் 26 மீட்டர் இறக்கையைப் பட்டம்போல் கயிற்றில் பறக்கவிட்ட அமெரிக்காவின் மகானி நிறுவனம் அடுத்த ஆண்டே மூடப்பட்டது உண்மைதான். ஆனால் கற்றதையெல்லாம், செய்த தவறுகள் உட்பட, பொதுவில் வைத்துவிட்டுத்தான் போனார்கள். அதைப் படித்துத்தான் எங்கள் பிள்ளைகள் தொடங்கினார்கள். 2021-இல் மொரிசியஸில் ஜெர்மனியின் ஸ்கைசெயில்ஸ் நிறுவனத்தின் மின்சாரப் பட்டம் ஏறிவிட்டது. இதே இந்துமாக்கடல் காற்றுதான்.

1986-இல் தூத்துக்குடிக் கடலோரத்தில் காற்றாலைகளை நட்டபோது, 'சரி, நட்டுப் பார்ப்போம்' என்று யாரோ ஓர் அதிகாரி சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லாமல் முப்பந்தல் காற்றாலைக் கூட்டம் வந்திருக்குமா? படித்த பிள்ளைகள் ஊரில் தங்குவதில்லை என்று மேடைதோறும் வருந்துகிறோம். அவர்கள் தங்கி என்ன செய்ய, கட்டம் நிரப்பவா?

மன்னியுங்கள், கோபத்தில் எழுதிவிட்டேன். ஆடி முடிய இன்னும் பத்து நாள்தான். இந்த ஆண்டுக் காற்று போனது போகட்டும். அடுத்த வைகாசிக்குள்ளாவது அந்தப் பொட்டல் நிலத்தையும் 300 மீட்டர் வானத்தையும் தயவுசெய்து ஒதுக்கித் தாருங்கள். அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், நாளைக்கே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்,
நாகர்கோவில்