"ஆங்கிலம் போதும்" என்று இனி அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் சொந்த ஊர் பொறையாறு. ஜெர்மனியில் மின்பொறியியல் எம்.எஸ்ஸி படிக்கிறேன். வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. அப்பா உங்கள் நாளிதழின் பழைய வாசகர். போன வாரம் வந்த உயர்கல்வி இணைப்பைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நீ இருக்கிற நாட்டைப் பத்திப் போட்டிருக்கான், பாரு" என்றார். "ஜெர்மனியில் இலவசப் படிப்பு, ஆங்கிலம் போதும்" என்று தலைப்பு. கட்டுரைக்கு அடியிலேயே மூன்று கன்சல்டன்சி விளம்பரங்கள். என்னை அனுப்பிவைத்த கன்சல்டன்சியும் அதில் ஒன்று. அவர்கள் என்னிடம் சொன்ன வாசகமும் இதேதான், ஒரு எழுத்து மாறாமல்.

"இலவசம்" என்பதை வைத்து நான் பெரிதாகச் சண்டை போடப் போவதில்லை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. நான் செமஸ்டருக்குக் கட்டுவது 300 யூரோவுக்குள்தான், அதிலேயே பயணச்சீட்டும் அடங்கிவிடும். ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுநிலைப் படிப்புக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. அதையும் ஒரு வரி போட்டிருக்கலாம். அப்புறம் பிளாக்டு அக்கவுண்ட், அதாவது விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்கு. நான் வந்தபோது 11,208 யூரோ காட்டவேண்டியிருந்தது, இப்போது 11,904. இன்றைய மதிப்பில் 12 லட்சத்தைத் தாண்டும். இது கட்டணம் இல்லை, நம் பணம்தான், மாதாமாதம் நமக்கே திரும்பி வரும். ஆனால் அந்தப் பணத்தை முதலில் ஒரே கையாகப் புரட்டவேண்டுமே. எங்கள் வீட்டில் அது வங்கிக் கடனும் அம்மாவின் நகையும் சேர்ந்து புரண்டது. நகை இன்னும் திரும்பவில்லை.

சரி, காசைப் பற்றி யாராவது ஒருவர் உங்களுக்கு எழுதிவிடுவார். நான் எழுத உட்கார்ந்தது "ஆங்கிலம் போதும்" என்ற இரண்டு வார்த்தைக்காக.

வகுப்பறைக்குள் ஆங்கிலம் போதும். அது பொய்யில்லை. பேராசிரியர் ஆங்கிலத்தில் நடத்துகிறார், வினாத்தாள் ஆங்கிலத்தில் வருகிறது, பாடம் முடிந்ததும் எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டுவதற்கு எந்த மொழியும் வேண்டாம். (இங்கே கைதட்டுவது அப்படித்தான். முதல் நாள் ஏதோ எதிர்ப்புக் காட்டுகிறார்கள் என்று பயந்துவிட்டேன்.) வகுப்பறைக் கதவைத் தாண்டினால் கதை வேறு. வாடகை ஒப்பந்தம், நகராட்சிப் பதிவு, காப்பீடு, விசா நீட்டிப்பு எல்லாம் ஜெர்மனில், அதுவும் பெரும்பாலும் தபாலில், காகிதத்தில். பொறையாறில் எங்கள் வீட்டுக்குத் தபால்காரர் வந்தால் கல்யாணப் பத்திரிகை அல்லது எல்ஐசி. இங்கே வாரத்துக்கு இரண்டு கடிதம் வருகிறது, ஒவ்வொன்றிலும் ஒரு கெடு தேதி.

என் முதல் வருடத்தில் ஆறு மாதத்தைத் தின்றது ஒரு கடிதம்கூட இல்லை, ஒரு சொல்லின் முன்பாதி.

இங்கே தேர்வு எழுதவேண்டுமென்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் நாமே இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். அதற்குக் கடைசித் தேதி உண்டு. அதைத் தவறவிட்டால் அடுத்த செமஸ்டர்தான். நான் ஒழுங்காகப் பதிந்துவிட்டேன், நான்கு பாடம். கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை சரிபார்க்கலாம் என்று உள்ளே போனேன். அந்தத் தளத்தின் மேல்பகுதியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், உள்ளே போகப் போக ஜெர்மன்தான். நான்கு பாடங்களும் வரிசையாக இருந்தன. திருப்தியாகப் பார்த்துவிட்டு வெளியே வர "ஆப்மெல்டன்" என்பதை அழுத்தினேன். மின்னஞ்சலிலும் நூலகக் கணக்கிலும் வெளியேறுவதற்கு அந்தச் சொல்தான். உள்ளே நுழைய "ஆன்மெல்டன்", வெளியேற "ஆப்மெல்டன்", அது மட்டும் தெரியும். உறுதியா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்டது. ஆமாம் என்று அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன்.

தேர்வன்று காலையில் நுழைவாயிலில் பேராசிரியரின் ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றார். என் மாணவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார், மறுபடி மேலிருந்து கீழே. பிறகு மிகவும் மரியாதையாக, "நீங்கள் பதிவை ரத்து செய்திருக்கிறீர்கள்" என்றார். பதிவு செய்வதும் "ஆன்மெல்டன்"தான், பதிவை விலக்கிக்கொள்வதும் "ஆப்மெல்டன்"தான். நான் அழுத்தியது பக்கத்திலிருந்து வெளியேறும் பொத்தான் இல்லை. முதல் வரியில் இருந்த பாடத்துக்கு எதிரே இருந்தது அது. அதுதான் நான் மிக நன்றாகப் படித்திருந்த பாடம். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்க, நான் வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் கையுறை இல்லாமல் நின்றிருந்தேன். வெளியே பனி. அழுததாக ஞாபகம் இல்லை, மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

பல்கலைக்கழகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதி விதிதான், என்னைப்போல வேறு யாரும் அழுத்தவில்லையே. கோபமெல்லாம் எங்கள் ஊர்ப்பக்கம் ஏசி அறையில் உட்கார்ந்து, "மொழியெல்லாம் அங்கே போனா மூணு மாசத்துல தானா வந்துடும் மேடம்" என்றவர் மேல்தான். தானாக வருவது சளி மட்டும்தான்.

அந்தச் செமஸ்டரில் எழுதிய இன்னொரு தேர்வில் 5.0 வந்தது. போனில் சொன்னபோது அம்மா, "அஞ்சா? அஞ்சுக்கு அஞ்சா?" என்று சந்தோஷப்பட்டார். இங்கே 1.0 தான் முதலிடம், 4.0 வரை தேர்ச்சி, 5 என்றால் பெயில். அம்மாவுக்கு அதை விளக்க எனக்கு மனம் வரவில்லை, ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். நம் ஊர் மாதிரி "அரியர்தானே, பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடவும் முடியாது. பெரும்பாலான இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்தில் தொடரவும் வழியில்லை. என்னோடு வந்த ஒரு பையன் அப்படித்தான் திரும்பிப் போனான். அவன் வீட்டில் வாங்கிய கடனுக்கு எத்தனை வாய்ப்பு என்று யாரும் கேட்கவில்லை. இந்த மூன்று வாய்ப்பு விஷயம் உங்கள் நான்கு பக்க இணைப்பில் எங்கேயும் இல்லை.

பகுதிநேர வேலைக்கு வருகிறேன். "வாரம் 20 மணி நேரம் வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். சட்டப்படி சரி. 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், அதற்கு முன்பு 120. ஆனால் வேலை யார் கொடுப்பது? நானிருப்பது கிழக்கு ஜெர்மனியில், சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில். நான் பார்த்த ரொட்டிக்கடை, உணவகம், அலுவலகம் எல்லாவற்றிலும் ஜெர்மன் கேட்டார்கள். மொழி தெரியாதவளுக்குக் கிடைத்தது பார்சல் கிடங்கில் இரவுப் பணி, 2024இல் மணிக்கு 12.41 யூரோ. சம்பளம் சரியாக வந்தது, குறை சொல்லக்கூடாது. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பெட்டி தூக்கிவிட்டுக் காலை ஒன்பதே கால் வகுப்பில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு கேட்டால் ஒன்றும் ஏறாது. படிப்புக்குச் சம்பந்தமான வேலைக்கு ஒரு நிறுவனத்தில் நேர்காணல் போனேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன், நேர்காணல் செய்த அம்மாவுக்கும் என்னைப் பிடித்திருந்தது. கடைசியில் அவர் சொன்னது: "நாம் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளலாம். ஆனால் மின் இணைப்புப் பலகையில் எழுதியிருக்கும் எச்சரிக்கையை நீ படிக்கவேண்டுமே, அது உன் உயிர்." மறுக்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக மொழி படிக்க உட்கார்ந்தேன். பல்கலைக்கழக மொழி மையத்தில் ஏ2 வகுப்பு (ஏ1 தொடக்கநிலை, ஏ2 அதற்கு அடுத்தது, அதற்கும் மேலே பி1), வீட்டில் எங்களுக்குக் கீழ்மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மா. எழுபத்தாறு வயது. கிழக்கு ஜெர்மனி காலத்தில் பள்ளியில் ரஷ்ய மொழி ஆசிரியை, ஆங்கிலம் அவருக்கும் அரைகுறை. நான் அவருக்குத் தண்ணீர் பாட்டில் கூடையை மாடிப்படி ஏற்றிக் கொடுப்பேன், காலி பாட்டில்களைக் கடை இயந்திரத்தில் போட்டு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் வீதம் முன்பணத்தைத் திருப்பி வாங்கி வருவேன். அவர் பதிலுக்கு என் தபால்களை என்னோடு உட்கார்ந்து படிப்பார். படித்துச் சொல்லமாட்டார், என்னைப் படிக்கவைப்பார். சிவப்புப் பென்சிலால் முதலில் தேதி, அடுத்தது தொகை, கடைசியாக வாக்கியத்தின் முடிவில் இருக்கும் வினைச்சொல், இந்த மூன்றுக்கும் அடிக்கோடு. மற்றதெல்லாம் அப்புறம்.

அப்படி நாங்கள் முதலில் படித்தது வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. என்னிடம் டிவியே இல்லை, ஏதோ விளம்பரம் என்று இரண்டு கடிதத்தைக் குப்பையில் போட்டிருந்தேன், மூன்றாவது தாமதக் கட்டணத்தோடு வந்தது. டிவி இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை, வீடு இருந்தால் கட்டவேண்டும். ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். என் அறைத்தோழி ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய எண்ணை எழுதி ஒரு வரி பதில் போட்டிருந்தால் முதல் கடிதத்தோடு முடிந்திருக்கும்.

ஒன்று சொல்லவேண்டும், தமிழ் தெரிந்தவர்களுக்கு ஜெர்மன் அவ்வளவு பயமில்லை. துணை வாக்கியங்களில் வினை கடைசியில்தான் வரும், நம்மைப்போல. ஆங்கிலத்தில் யோசித்துச் சொன்னால் தடுமாறுகிற வாக்கியம், தமிழில் யோசித்தால் பாதி தானாகவே வரிசையில் வந்து நிற்கிறது. பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப முன்னால் வரும் டெர், டீ, டாஸ் மட்டும் யார் வந்தாலும் மனப்பாடம்தான். இந்த வருடக் கோடையில் பி1 எழுதித் தேறினேன்.

போன வசந்தத்தில் ஒரு ஞாயிறு. கடையெல்லாம் மூடியிருந்தது, செமஸ்டர் டிக்கெட் கையில் இருக்கிறதே என்று ஹாலேவுக்கு ரயிலேறினேன். பொறையாறுக்காரிக்கு ஹாலே தெரியாமல் இருக்காது. சின்ன வயதில் தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் புதிய எருசலேம் ஆலயத்தைத் தாண்டித்தான் போவோம். உள்ளே, டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை. அவர் படித்த ஊர் ஹாலே. தரங்கம்பாடி அச்சகத்துக்குப் போன முதல் தமிழ் எழுத்துகளை வார்த்ததும் அங்கேதான். அவரை ஆளாக்கிய ஃபிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அந்த வளாகத்து முற்றத்தில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். 1706இல் கப்பலில் வந்து இறங்கிய அந்த இளைஞர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகியது. ஓராண்டுக்குள் பேசவும் படிக்கவும் கற்றுக்கொண்டார். அவர் வந்த நோக்கம் பற்றி ஆயிரம் விவாதம் இருக்கலாம். ஆனால் "டேனிஷ் போதும்" என்று அவரிடம் யாரும் விளம்பரம் காட்டவில்லை.

இன்னொரு குரலையும் சொல்லிவிடுகிறேன். ஹம் நகரில் ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2024இல் தேருக்குப் போயிருந்தோம். ஆவி பறக்கும் சாம்பார் வாளியோடு பரிமாறிய ஓர் அக்கா எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். மொழிதான் கஷ்டம் என்று நாங்கள் புலம்பியதும் கரண்டியை வாளியிலேயே விட்டுவிட்டு, "நாங்கள் பாஷை தெரியாமல் வந்தது வேற வழியில்லாமல். நீங்கள் ஏன் பிள்ளை தெரியாமல் வாறீங்கள்?" என்றார். நாங்கள் ஐந்து பேரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2023-24 கல்வியாண்டில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,000க்கும் மேல், வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் முதலிடம். உங்கள் இணைப்பைப் பார்த்து இன்னும் பலர் கிளம்புவார்கள், கிளம்பட்டும். நூலகமும் ஆய்வகமும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பேராசிரியர்களும் இங்கே நிஜமாகவே இருக்கிறார்கள். நான் வந்ததற்கு வருத்தப்படவில்லை. என் வேண்டுகோள் சின்னது. அடுத்த இணைப்பில் அந்தத் தலைப்பைப் போடாதீர்கள். கட்டுரையையும் அதற்குக் கீழே இருக்கிற விளம்பரத்தையும் வேறுவேறு ஆட்கள் எழுதட்டும். கிளம்புவதற்கு முன் குறைந்தது ஏ2 முடியுங்கள் என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி போடுங்கள். 2022 நவம்பர் முதல் விசாவுக்குக் கட்டாயமான, நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்காக எல்லோரும் காத்திருக்கத்தானே செய்கிறோம், அந்தக் காத்திருக்கும் நேரமே ஏ1க்குப் போதும்.

என் தம்பி பி.இ. மூன்றாம் வருடம். அவனுக்கும் இங்கே வர ஆசை. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, ஆனால் கல்லூரியை விட்டுவிட்டு அவன் சென்னையில் தங்க முடியாது. மயிலாடுதுறை, காரைக்கால் பக்கம் நேரில் உட்கார்ந்து ஜெர்மன் கற்றுத்தருபவர்கள் யாராவது இருந்தால் வாசகர்கள் இந்தப் பகுதிக்கே எழுதட்டும். அப்பா தினமும் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
பொறையாறு வாசகி
(தற்போது ஜெர்மனி)