மின்னணு ஆவணங்களைத் தொடக்கத்திலேயே வெளிப்படுத்த விதி வேண்டும்: சென்னை உயர் நீதிமன்ற விதிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு விதிக்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருப்பூர் நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் நான். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விதிகளைத் திருத்தவும் புதியன சேர்க்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதற்கு ஆய்ந்து அறிக்கை தருவதற்காகவே 123ஆம் பிரிவின்படி தங்கள் குழு இருக்கிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு, சாதாரண உரிமையியல் வழக்குகளிலும் மின்னணுப் பதிவுகளை வழக்கின் தொடக்கத்திலேயே, மூல வடிவிலேயே எதிர்த்தரப்புக்கு வெளிப்படுத்தும் கடமையை விதியாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பனியன் தொழிலில் இன்று ஆர்டர், கூலி, தவணை எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் பேசி முடிக்கப்படுகின்றன. நிட்டிங் ஜாப் வொர்க் செய்யும் என் கட்சிக்காரர் ஒருவர், 2 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கூலி பாக்கிக்காக வழக்குத் தொடுத்தார். பாக்கியை ஒப்புக்கொண்டு, தீபாவளி கழித்துக் கணக்கை முடித்துவிடலாம் என்று எதிர்த்தரப்பு அனுப்பிய குரல் செய்திதான் அவருடைய முக்கியச் சாட்சியம். காலவரையறை 3 ஆண்டுகள் என்பதால் கடைசி ஆண்டில்தான் என்னிடம் வந்தார். அதற்குள் கைப்பேசி மாறிவிட்டது. அந்தச் செய்தியை அவர் தம் கணக்குப்பிள்ளைக்கு ஃபார்வர்டு செய்திருந்த நகல் மட்டுமே மிஞ்சியிருந்தது. ஃபார்வர்டு செய்த செய்தியில் தெரிவது அதை மறுபடி அனுப்பிய நாளும் நேரமுமே. முதலில் பேசியவர் யார், எப்போது பேசினார் என்பது அதில் இல்லை. மற்ற உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்துத் தாக்கல் செய்தோம். அவற்றின் தலைப்பில் இருந்தது என் கட்சிக்காரர் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த பெயர். எண் எங்கும் இல்லை. எதிருரையில் இவை எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. வாதி கூண்டில் ஏறிய நாளில்தான், மின்னணுப் பதிவின் நகலோடு சட்டப்படி இணைக்க வேண்டிய சான்றிதழ் இல்லை என்றும், எண் யாருடையது என்று தெரியவில்லை என்றும் ஆட்சேபம் வந்தது. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் மனுவும் எதிர்மனுவுமாகக் கழிந்து, பாதித் தொகைக்குச் சமரசமானது. சான்றிதழைத் தொடக்கத்திலேயே இணைக்காதது என் தவறு. ஆனால் அந்த ஆட்சேபத்தை முதல் மாதத்திலேயே எழுப்ப வேண்டும் என்று எந்த விதியும் எதிர்த்தரப்பைக் கேட்கவில்லை.

இதே வழக்கு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்காக இருந்திருந்தால் நிலைமை வேறு. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம், அத்தகைய வழக்குகளுக்கு, உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் ஆவண வெளிப்படுத்தலைப் பற்றிய கட்டளை 11ஐ முழுமையாக மாற்றி எழுதியது. தம் வசமும் கட்டுப்பாட்டிலும் உள்ள, வழக்குக்குத் தொடர்புடைய ஆவணங்கள் அனைத்தையும் வழக்குரையோடே பட்டியலிட்டு, வேறெதுவும் இல்லை என்று வாதி பிரமாணம் செய்ய வேண்டும். பிரதிவாதிக்கும் இதே கடமை உண்டு. வழக்கு முடியும் வரை அக்கடமை தொடரும். 6ஆம் விதி மின்னணுப் பதிவுகளுக்கென்றே இருக்கிறது: பதிவு யார் யாருக்கு இடையிலானது, யாரால் எப்படி உருவானது, எப்போது அனுப்பப்பட்டது அல்லது பெறப்பட்டது, எந்த மூலத்திலிருந்து எப்போது அச்செடுக்கப்பட்டது, மின்னஞ்சல் முகவரியும் கணினியும் யாருடைய உடைமையில் உள்ளன என்பதையெல்லாம் பிரமாணத்தில் சொல்லியாக வேண்டும். தேவைப்பட்டால் மெட்டாடேட்டாவையும் (கோப்பு எப்போது, எப்படி உருவானது போன்ற உள்விவரங்கள்) பதிவேடுகளையும் நீதிமன்றம் கேட்டுப் பெறலாம். என் கட்சிக்காரரின் வழக்கில் மாதக்கணக்கில் நடந்த சண்டை முழுவதும் இந்தக் கேள்விகளைப் பற்றியதுதான். 40 ஆயிரம் ரூபாய் குறைந்ததால் அவருக்கு 1908ஆம் ஆண்டின் பழைய கட்டளை 11 மட்டுமே கிடைத்தது.

ஆயினும் 6ஆம் விதியை அப்படியே பெயர்த்துச் சேர்ப்பது போதாது என்பது என் கருத்து. அச்சுப்படி கொடுத்தாலே வெளிப்படுத்தல் நிறைவேறியதாக அது பொதுவாகக் கருதுகிறது. குரல் செய்தியை அச்செடுக்க முடியாது. எழுத்தில் பெயர்த்தால் பேச்சின் தொனியும் தயக்கமும் போய்விடும். கணக்கு மென்பொருளின் அச்சுப்படியில், ஒரு பதிவு பின்னர் திருத்தப்பட்டதா என்பது தெரியாது. நிறுவனங்கள் திருத்தத் தடம் பதியும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தடத்தை வெளிப்படுத்தாமல் பேரேட்டின் அச்சை மட்டும் தருவது பாதி ஆவணத்தைத் தருவதற்குச் சமம். ஆகவே குரல், காணொளி, மின்னஞ்சல், கணக்குக் கோப்பு ஆகியவற்றை மூல வடிவிலேயே, ஹாஷ் மதிப்போடு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், விரல்ரேகை போன்ற ஒரு குறியீடு) தர வேண்டும் என்று விதி சொல்லட்டும். டெல்லி உயர் நீதிமன்றம் தன் மூல வழக்குகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகளிலேயே ஹாஷ் மதிப்பைக் கேட்டிருக்கிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அம்மதிப்பு முற்றிலும் மாறிவிடுவதால், பின்னாளில் கோப்பில் கைவைக்கப்பட்டதா என்ற வாதத்துக்கு இடம் குறையும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் சான்றிதழ்ப் படிவம், ஹாஷ் மதிப்பைக் கணக்கிடும் பழைய முறைகளான எம்டி5, எஸ்எச்ஏ1 ஆகியவற்றையும் அனுமதிக்கிறது. ஒரே மதிப்புத் தரும் இரு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்று இவ்விரண்டிலும் முன்பே நிரூபிக்கப்பட்டுவிட்டதால், அவற்றைவிட வலுவான எஸ்எச்ஏ256 முறையையே தங்கள் விதி வலியுறுத்த வேண்டும்.

சான்றிதழ் கட்டாயம் என்பதில் இனி ஐயமில்லை. மூலக் கருவியையே உரிமையாளர் கூண்டில் ஏறி நிரூபித்தால் மட்டும் அது தேவையில்லை என்று 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது. ஆனால் கைப்பேசியை நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டு ஜாப் வொர்க் செய்பவர் எப்படிப் பிழைப்பார்? வங்கியும் குடும்பமும் அதற்குள்தான் இருக்கின்றன. எதிர்த்தரப்பு ஆய்வு கேட்டால், இரு எண்களுக்கு இடையே, வழக்குக்குரிய காலத்தில் நடந்த உரையாடலை மட்டும் காட்டினால் போதும் என்ற வரம்பு விதியிலேயே இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு சான்றிதழில் நிபுணரின் கையொப்பத்தையும் கேட்கிறது. நிபுணர் யார் என்ற விளக்கம் அந்தப் பிரிவில் இல்லை. மாவட்டந்தோறும் ஒரு நிபுணர் பட்டியலும் சிறு வழக்குகளுக்குத் தாங்கக்கூடிய கட்டணமும் வகுக்கப்படாவிட்டால், சான்றிதழின் செலவே வழக்கைத் தடுத்துவிடும்.

எல்லாவற்றிலும் அவசரமானது பாதுகாத்தல். வாட்ஸ்அப்பில் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ செய்திகள் தாமாக மறையும்படி அமைத்துக்கொள்ளலாம். இருக்கும் சாட்சியத்தை மறைத்தவருக்கு எதிராக நீதிமன்றம் ஊகிக்கலாம் என்பது பழைய நெறிதான். ஆனால் வழக்குத் தொடங்குமுன் அழிந்ததை வேண்டுமென்றே அழித்தார் என்று நிறுவுவது கடினம். வழக்கு வரும் என்று தெரிந்தவுடன் மின்னணு ஆவணங்களைப் பாதுகாக்கும்படி கட்சிக்காரரிடம் வழக்கறிஞரே சொல்ல வேண்டும் என்று இங்கிலாந்தின் நடைமுறை விதிகள் 2010ஆம் ஆண்டு முதல் கூறிவருகின்றன. இங்கும் வக்கீல் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து அக்கடமை தொடங்கட்டும். நோட்டீஸிலேயே அதற்கென ஒரு பத்தி இருக்கட்டும்.

இறுதியாக, எங்கள் நீதிமன்றங்களின் மொழி தமிழ். வெளிப்படுத்தல் பிரமாணத்துக்கும் சான்றிதழுக்கும் எளிய தமிழ்ப் படிவங்களை விதியோடே வெளியிட வேண்டும் என்றும், வரைவை முன்கூட்டியே வெளியிட்டு மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும் வேண்டுகிறேன். அப்படிக் கேட்கப்படும்போது, கட்சிக்காரர்களின் பெயர்களை நீக்கி, மேலே சொன்ன வழக்கின் ஆவணங்களைத் தங்கள் பார்வைக்கு அனுப்பி வைக்கிறேன்.

பணிவுடன்,
திருப்பூரில் தொழில் புரியும் ஒரு வழக்கறிஞர்