வெட்டக் கூடாத மாதத்தில் வெட்டப்பட்ட எங்கள் மாமரம்: புகார்

தேதி: பிப்ரவரி 10

பெறுநர்: மேலாளர், வீட்டுத் தோட்டப் பராமரிப்புப் பிரிவு

ஐயா,

வணக்கம். மேற்குத் தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டுத் தோட்டத்தை வருடத்துக்கு 4 முறை வந்து பராமரிப்பதாகச் சொல்லி, போன ஏப்ரலில் 18,000 ரூபாய் வாங்கினீர்கள். "எந்தப் பருவத்துல என்ன செய்யணும்னு நாங்க பார்த்துக்கிறோம்" என்று உங்கள் ஆள் சொன்னதை நம்பித்தான் கொடுத்தேன்.

காய் பறித்த கையோடு, ஆடியில் மாமரத்தின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வதாகப் பேச்சு. ஜூலையில் ஒரு முறை, ஆகஸ்டில் இரண்டு முறை போன் செய்தேன். யாரும் வரவில்லை. செப்டம்பரில் வந்தவர்கள் புல்லை மட்டும் வெட்டிவிட்டுப் போனார்கள். மழைக்கு முன்னால் தென்னையில் காய்ந்த மட்டைகளை இறக்கச் சொல்லியிருந்தேன், அதுவும் நடக்கவில்லை.

அப்புறம் நவம்பர் கடைசி வாரத்தில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். நான் மாலையில் வேலையிலிருந்து திரும்பினால் மாமரம் மொட்டையாக நிற்கிறது. கீழே கிடந்த கிளை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இலையெல்லாம் முற்றிக் கரும்பச்சையாக இருந்தது. நுனி மொட்டு மிளகளவு திரண்டிருந்தது. வெட்டுவாயில் பால் பிசுபிசுத்தது. முற்றிய நுனிக்கிளையில்தான் மா பூக்கும், எங்கள் பக்கம் மார்கழி, தையில். கார்த்திகையில் நுனியை வெட்டினால் அந்த வருடத்துப் பூவையே வெட்டின மாதிரி. இப்போது வெட்டின இடமெல்லாம் செம்புநிறக் கொழுந்துதான். ஒரு பூங்கொத்து கூட இல்லை. பக்கத்து வீட்டு மரம் பூத்துக் கொட்டுகிறது.

அன்றைக்கு உண்மையில் கவாத்து செய்திருக்க வேண்டியது மதிலோரம் இருக்கும் 6 குண்டுமல்லிச் செடிகளை. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, எரு வைத்துத் தண்ணீர் விட்டால்தான் நன்றாகத் துளிர்த்து அரும்பு கட்டும். அவற்றைத் தொடவே இல்லை. வந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. "மரம் வெட்டணும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்களாம். எதை, எந்த மாதத்தில் என்று சொல்லி அனுப்புவது உங்கள் பொறுப்பு. அதற்குத்தானே பணம் கொடுத்தேன்?

அந்த பங்கனபள்ளி, 22 வருடத்துக்கு முன்னால் என் மாமியார் வைத்தது. முதல் பறிப்பு எப்போதும் தெருவில் எட்டு வீட்டுக்குப் போகும். இப்போது தினமும் காலையில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் உள்ளே வந்துவிடுகிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

போன காய்ப்பு திரும்பி வராது, சரி. ஆனால் வராத ஒரு முறைக்கும் மரத்தைக் கெடுத்த முறைக்குமாக 9,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். மரம் தெரிந்த ஒருவர் உடனே நேரில் வந்து, பட்டுப்போகத் தொடங்கியிருக்கும் இரண்டு கிளைகளைப் பார்த்து, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பூஞ்சை மருந்து) பூசித் தர வேண்டும். இனி வேலைக்கு வருபவர்கள் கையில், செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், ரசீதுடனும் அன்று எடுத்த படங்களுடனும் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மேற்குத் தாம்பரம்