தகட்டின் தடிமனையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெக்சஸ் பார்பிக்யூ பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் நெஞ்சுப் பகுதி இறைச்சியின் பக்குவத்தை விரிவாக விளக்கிய கட்டுரையாளர், வீட்டுக் கொல்லையில் வைக்க ஆஃப்செட் ஸ்மோக்கர் என்னும் புகையடுப்பு வாங்குவோர் அளவையும் விலையையும் பார்த்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஹூஸ்டன் அருகே வசிக்கும் நான் அவ்விரண்டை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவன்.

இந்த அடுப்பில் விறகு ஒரு பக்கப் பெட்டியில் எரிய, அதன் வெப்பமும் புகையும் இறைச்சி வைத்திருக்கும் உருளைக்குள் நுழைந்து மறுமுனைப் புகைபோக்கி வழியே வெளியேறும். முழு பிரிஸ்கெட் வேக 12 மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் சூடு நிலைத்திருக்க வேண்டும். மெல்லிய தோசைக்கல்லில் மாவு விழுந்ததும் சூடு இறங்கிவிடுவதை அறிந்தவர்களுக்கு, மெல்லிய தகட்டில் செய்த ஸ்மோக்கரின் மூடியை ஒருமுறை திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குளிர்காலத்து வடகாற்றில் நான் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விறகு போட்டேன். மூன்றாம் மாதத்தில் விறகுப் பெட்டியின் கதவு நெளிந்து, 25 சென்ட் நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. பெயின்ட் செதில் செதிலாக உரிந்த இடமெல்லாம் துரு ஏறியது.

விளம்பரத்தில் 'உறுதியான 16 கேஜ் எஃகு' என்று போட்டிருந்தார்கள். தகட்டின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதும், 16 கேஜ் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர்தான் என்பதும் பிறகே தெரிந்தது. பழைய புரொப்பேன் தொட்டிகளையும் எண்ணெய் வயல் குழாய்களையும் வெட்டி ஸ்மோக்கர் செய்யும் இங்குள்ள பட்டறைக்காரர்கள் கால் அங்குலத் தகட்டைத்தான், அதாவது ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்டதைத்தான், பெரிதும் விரும்புகிறார்கள். அதில் ஒரு சதுர மீட்டரே சுமார் 50 கிலோ எடை இருக்கும் என்பதால், விளம்பர வாசகத்தைவிட அடுப்பின் எடையை நம்பலாம்.

தடித்த தகடு சூடேற நேரமாகும், விலையும் அதிகம் என்பதை மறுக்கவில்லை. எனவே, பணத்துக்கு ஏற்றபடிதான் வாங்க முடியும் என்பவர்கள், நெருப்பு நேரடியாகத் தாக்கும் விறகுப் பெட்டியையாவது தடித்ததாகப் பார்த்து வாங்கட்டும். ஆனால் வெல்டிங் சீராக இல்லாமலும் கதவு சரியாகப் படியாமலும் இருந்தால் கால் அங்குலத் தகடும் வீண்தான். கைபேசி விளக்கை எரியவிட்டு உள்ளே வைத்து மூடிப் பார்த்தால், வெளிச்சம் கசியும் இடமெல்லாம் நாளை புகை கசியும் இடம் என்று கடையிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் ஸ்மோக்கர்களின் விலைப்பட்டியல் வெளியாகும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் விறகுப் பெட்டி, உருளை ஆகிய இரண்டின் தகட்டுத் தடிமனையும் கேஜில் அல்லாமல் மில்லிமீட்டரில் தனித்தனியே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹூஸ்டன் வாசகர்