வெக்ஷோவிலிருந்து அப்பா

தம்பிக்கு,

போனில் சொல்லியிருக்கலாம். நீ "மீட்டிங்கில் இருக்கேன்பா" என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், நேரம் கிடைக்கும்போது படி.

போன வாரம் அக்கா எங்களை இங்கே ஸ்வீடனில், இந்த வெக்ஷோ ஊரிலேயே ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். ஸ்வீடன்காரர்கள் சொந்த ஊரை விட்டு அமெரிக்கா போன கதைக்கென்றே 1968இல் திறந்தது. பெயர் உட்வாந்த்ரார்னாஸ் ஹூஸ், அதாவது ஊரைவிட்டுப் போனவர்களின் வீடு. இவ்வளவு பணக்கார நாட்டிலிருந்து யார் பஞ்சம் பிழைக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன். 1850க்கும் 1930க்கும் நடுவில் சுமார் 13 லட்சம் பேர் போயிருக்கிறார்கள். 1900இல் இந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே 51 லட்சம் என்பதை இதோடு சேர்த்துப் பார். ஒரு காலத்தில் ஸ்டாக்ஹோமுக்கு அடுத்தபடி ஸ்வீடன்காரர்கள் அதிகம் இருந்த ஊர் சிகாகோதானாம்.

காரணம் எல்லாம் நமக்குப் புரிகிற காரணம்தான். இந்த வெக்ஷோவில் பிஷப்பாக இருந்த தெக்னேர் என்ற கவிஞர், ஜனம் பெருகியதற்கு மூன்று காரணம் சொன்னார்: சமாதானம், அம்மைப்பால், உருளைக்கிழங்கு. பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள், நிலம் மட்டும் பெருகவில்லை. அதிலும் இந்த ஊர் இருக்கிற ஸ்மோலாந்துப் பக்கத்து மண் இருக்கிறதே, மண்ணா அது, கல். பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன், வயலோரம் எல்லாம் பொறுக்கிப்போட்ட கல் குவியல் குவியலாகக் கிடக்கிறது, வேலிகூடக் கல்தான், எத்தனை தலைமுறை முதுகு வளைந்ததோ. அதற்குமேல் 1867இல் குளிர், 1868இல் வறட்சி. அந்தப் பக்கம் அமெரிக்காவில் 1862இல் போட்ட சட்டப்படி, போய்க் குடியிருந்து உழுகிறவனுக்கு 160 ஏக்கர். கால் காணிக்கு வெட்டுக்குத்து பார்த்தவன் நான், 160 ஏக்கர் என்றால் அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா பெட்டிகளின் முன்னால் நின்றுவிட்டாள். மரப்பெட்டி, இரும்புப் பட்டை, மூடியில் ஆள் பெயர். பாய்மரக் கப்பல் காலத்தில் சாப்பாட்டையும் அவர்களே கட்டிக்கொண்டு போகவேண்டுமாம், காய்ந்த ரொட்டி, உப்புக்கண்டம் என்று, வாரக்கணக்கில் கடலில். "இவங்களுக்கு 23 கிலோ கணக்கு கிடையாதே" என்றாள் அம்மா. நீ அமெரிக்கா போன அன்றைக்குப் பருப்புப் பொடியை எடு, வை, எடு என்று தராசோடு பட்ட பாடு அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

நான் நின்றது வேறு இடத்தில். முப்பது வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவனுக்குப் பதிவேட்டைப் பார்த்தால் கால் நகராது. இங்கே அந்த வேலையைப் பார்த்தவர் கோயில் பாதிரியார். பண்ணைக்கு ஒரு பக்கம் என்று போட்டு, பெயர், பிறந்த தேதி, படிக்கத் தெரியுமா, வேதப்பாடம் எவ்வளவு தூரம் தெரியும், அம்மை குத்தியதா, எங்கிருந்து வந்தான், எங்கே போனான் எல்லாம் கட்டம் கட்டமாக. ஊர் மாறவேண்டும் என்றால் அவரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். கடைசிக் கட்டத்தில் வருஷத்தைப் போட்டு 'வட அமெரிக்கா' என்று ஒற்றை வரி. நம் அடங்கல் பதிவேடுகூட இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை, என் கையெழுத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்றைக்கு அமெரிக்காவிலிருந்து கொள்ளுப்பேரன்கள் பூர்வீகம் தேடிவந்தால் அந்த வரியைப் பிடித்துத்தான் பண்ணை வரைக்கும் போகிறார்கள்.

பட்டாளத்துக்குப் பயந்தோ வேறு எதற்கோ சான்று வாங்காமல் போனவர்களும் உண்டு. ஆள் எங்கே என்றே தெரியாதவர்களுக்குத் தனிப் பட்டியல், அதற்கு அவர்கள் வைத்த பெயரை அக்கா 'இல்லாதவர்கள்' என்று மொழிபெயர்த்தாள். செத்துப்போனவர்கள் இல்லை, இல்லாதவர்கள். அம்மா உடனே, "மூணு வாரமா போன் எடுக்காத உங்க பிள்ளை பேரையும் அதுல எழுதச் சொல்லுங்க" என்றாள். சிரித்துத்தான் சொன்னாள்.

அப்புறம் கடிதங்கள். அமெரிக்காக் கடிதம் என்றே அதற்குப் பெயர். ஒரு வீட்டுக்கு வந்தால் ஊரே கூடி உட்கார்ந்து கேட்குமாம். பலருக்குக் கடிதத்தோடு கப்பல் டிக்கெட்டும் வந்திருக்கிறது, அண்ணன் தங்கைக்கு, தங்கை அத்தை மகனுக்கு என்று. கோத்தன்பர்க்கில் கப்பல் ஏறி இங்கிலாந்தில் ஹல்லில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், மறுபடி கப்பல். கூலி எவ்வளவு, பன்றிக்கறி என்ன விலை, பண்ணையாருக்குத் தொப்பியைக் கழற்றவேண்டியதில்லை என்று எழுதினார்கள். கஷ்டத்தைப் பலபேர் எழுதவில்லை. ஐந்தில் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார் என்றால் எழுதாமல் விட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. நீயும் அப்படித்தான், கேட்டால் "நல்லா இருக்கேன்", மீறினால் பனியோடு ஒரு போட்டோ. அந்தப் பனியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அரிசி என்ன விலை, வாடகை எவ்வளவு ஏறியது, மேலதிகாரி பிடுங்குகிறானா இல்லையா, அதை எழுது.

ஒரு வேலை சொல்கிறேன், செய். உன் மினியாபொலிஸிலேயே பார்க் அவென்யூவில் டர்ன்ப்ளாட் என்பவர் கட்டிய 33 அறை மாளிகை இருக்கிறதாம், இப்போது அது ஸ்வீடன்காரர்களின் மியூசியம். அந்த ஆள் இந்த ஸ்மோலாந்தில் பிறந்து, 1868இல் எட்டு வயதில் பெற்றோரோடு அங்கே போய், பிறகு ஸ்வீடிஷ் பத்திரிகை நடத்தி மேலே வந்தவர். போய்ப் பார்த்துவிட்டு வா. அப்படியே ஒருநாள் லிண்ட்ஸ்ட்ரோம் வரைக்கும் காரை விடு. அங்கே ஒரு ஜோடி சிலை இருக்கிறது, இங்கே கார்ல்ஸ்ஹாம்ன் துறைமுகத்தில் இருக்கிற சிலையின் மறுபதிப்பு. புருஷன் கடலைப் பார்க்கிறான், பெண்டாட்டி ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். அந்த ஊர்ப் பெயர்ப் பலகையில் ஓ எழுத்தின் மேல் இருக்கிற இரண்டு புள்ளியை நெடுஞ்சாலைத் துறை விட்டுவிட, சனங்கள் சண்டை போட்டு, 2015இல் கவர்னரே உத்தரவு போட்டுத் திருப்பி வைத்தார்களாம். உன் பெயரில் இருக்கிற ழவை அங்கே என்ன பாடு படுத்துகிறார்கள் என்று அதையும் எழுது.

அம்மா கூப்பிடுகிறாள். இந்தக் குளிரில் மாவு பொங்கவே இல்லையாம், ஓவனுக்குள் லைட்டைப் போட்டு வைத்தால் பொங்கும் என்று நீதான் சொன்னாயாம், எத்தனை மணி நேரம் என்று கேட்கச் சொன்னாள்.

அப்பா