முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்க்காலப் பழம்பொருள் சேகரிப்பு பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், துப்பாக்கியைத் தோளில் மாட்ட அமெரிக்கப் படை பயன்படுத்திய எம்1907 என்ற தோல் வாருக்கு "தயாரித்தவர் முத்திரையும் ஆண்டும் இருந்தால் அசல்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார் கட்டுரையாளர். போலி செய்பவனுக்கு இருப்பதிலேயே சுலபமான வேலை முத்திரை அடிப்பதுதான். 'பாய்ட் 42' (தயாரித்தவர் பெயரும் 1942ஆம் ஆண்டும்) என்று அடித்த புது வார்கள் சந்தையில் எத்தனையோ.

ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 துப்பாக்கியிலும் பிறகு எம்1 கேரண்டிலும் மாட்டிய வார் இது. ஒன்றேகால் அங்குல அகலத்தில் நீளப் பட்டை ஒன்று, குட்டைப் பட்டை ஒன்று, இரண்டு இரட்டைக் கொக்கி, ஓர் உலோக வளையம், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு தோல் வளையங்கள். அவ்வளவுதான்.

முதலில் தோலைப் பாருங்கள். அசல் வார் தாவரச் சாற்றில் பதனிட்டது. நம் ஊர் ஆவாரம்பட்டைத் தோலின் இனம். கொக்கித் துளைக்குள் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நடுவில் சாம்பல் கலந்த நீலம் தெரிந்தால் அது குரோம் உப்பில் பதனிட்ட தோல், அசல் அல்ல, அங்கேயே விட்டுவிடலாம். அசல் தோல் வெளியிலிருந்து உள்ளே கறுக்கும். தோல் வளையம் பல காலம் உட்கார்ந்த இடத்தில் ஒரு வெளிறிய பட்டை நிற்கும். சாயத்தில் முக்கி எடுத்த நகலிலோ விளிம்பு, துளை, வளையத்தின் அடி எல்லாம் ஒரே கறுப்பு. துளைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படைவீரன் தன் அளவுக்கு இரண்டு மூன்று ஜோடித் துளைகளைத்தான் பயன்படுத்தியிருப்பான். அவை மட்டும் நீள்வட்டமாக இழுபட்டிருக்கும். எல்லாத் துளையும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் தேய்த்தது பட்டறை.

அடுத்தது உலோகம். முதல் உலகப்போர் வார்களில் பித்தளை. இரண்டாம் போரின்போது அது எஃகுக்கு மாறியது. 1943 முத்திரையோடு மஞ்சள் கொக்கி வந்தால் சந்தேகம் வரவேண்டும். ஒரு காந்தத்தை வையுங்கள். "பித்தளை" ஒட்டிக்கொண்டால் அது முலாம் பூசிய இரும்பு. உண்மைப் பித்தளை தோலிலுள்ள கொழுப்போடு சேர்ந்து மெழுகு போன்ற பச்சைக் களிம்பைக் கக்கும். பல்குத்தும் குச்சியால் சுரண்டினால் உருண்டு வரும். ஆனால் களிம்பு இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள், யாராவது துடைத்திருக்கலாம்.

தையல் நூலில் பிசிர் இருந்தால் ஓர் இழையைத் தனியே எடுத்து நெருப்பில் காட்டுங்கள் (வாரில் அல்ல!). சாம்பலானால் பருத்தி அல்லது லினன். உருகி மணியானால் செயற்கை நூல். புற ஊதா விளக்கில் நீலவெள்ளையாக மின்னும் நூலும் பிற்காலத்தது என்பார்கள். முழுக்க நம்பமுடியாது. இன்றைய சோப்புத்தூள் பட்ட பழைய நூலும் மின்னும்.

இத்தனைக்கும் பிறகு முத்திரை. தோல் புதிதாக இருந்தபோதே அடித்த அசல் முத்திரையில், காலப்போக்கில் வந்த வெடிப்புகள் எழுத்துக்குள்ளும் ஓடும். பழைய தோலில் இன்று அடித்தால் எழுத்து வெடிப்பை நசுக்கிக்கொண்டு உட்காரும், ஓரம் வெளிறிக் கிழிந்திருக்கும்.

வளைத்துப் பார்த்துச் சோதிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மடித்த இடத்தில் பழந்தோல் வெடித்துவிடும், அதுவும் செம்பொடி உதிரும் தோல் என்றால் கேட்கவே வேண்டாம். எண்ணெயில் ஊறவைப்பது அதைவிட மோசம்: வெளிறிய பட்டை, துளை நிறம் என்று மேலே சொன்ன சாட்சியங்கள் எல்லாம் ஒரே இரவில் கறுத்து மறையும்.

1918 நீளப் பட்டையோடு 1943 குட்டைப் பட்டை சேர்ந்து வந்தால் அதைப் போலி என்று தள்ளாதீர்கள். இரண்டும் தனித்தனியே அசலாக இருக்கலாம், கழற்றி மாட்டக்கூடிய வார்தானே. ஆனால் இரண்டு பட்டையும் ஒரே காலத்து ஜோடியாக உள்ள வாருக்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேலூர்.