வரலாற்று வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் வட்டத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள், கோடை விடுமுறை நீங்கலாக, தடையின்றி நடந்தன. குடியரசு நாளன்று பள்ளி மாணவர்களுக்கான வினாடி வினா வழக்கம்போல நடைபெற்றது. புத்தகக் கண்காட்சிக்கு ஒரு குழு போய் வந்தது. நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு போடப்பட்டது. மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி, இந்த ஆண்டின் முதன்மைப் பணியான தொடர் அமர்வுகளுக்கு வருகிறேன். "இடைக்காலப் பிரெஞ்சுக் குதிரைப்படையின் தோல்விகள்" என்ற தலைப்பை நான் முன்மொழிந்தபோது சென்ற பொதுக்குழு அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ஆண்டு முழுக்க, "நமக்கு எதற்குப் பிரெஞ்சுக்காரன் குதிரை?" என்ற கேள்வி வாட்ஸ்அப் குழுவில் வந்துகொண்டே இருந்தது. அங்கே சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. இங்கே விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

அன்றைய ஐரோப்பாவில் பணத்திலும், கவசத்திலும், குதிரையிலும், பயிற்சியிலும் பிரெஞ்சுக் குதிரைவீரனுக்கு நிகர் யாருமில்லை என்றுதான் பேச்சு. அப்படிப்பட்ட படை ஒரே மாதிரியான தவறால் திரும்பத் திரும்ப அழிந்தது. வீரம் குறைந்து அவர்கள் தோற்கவில்லை. முதலில் பாய்வது தன் பிறப்புரிமை என்று ஒவ்வொரு பிரபுவும் நினைத்தான். அடுத்தவன் வந்து சேரும்வரை நிற்பது இழிவு என்றும் நினைத்தான். இதைப் புரிந்துகொள்ள ஆர்த்வா என்ற ஒரே குடும்பத்தைப் பின்தொடர்ந்தால் போதும் என்பது என் கருத்து. அதற்காக ஒரு பெரிய வம்ச வரைபடம் தயாரித்து, ஒவ்வொரு அமர்விலும் மேசை மேல் விரித்து வைத்தோம். போரில் இறந்தவர் பெயருக்குச் சிவப்பு, சிறைப்பட்டவர் பெயருக்கு நீலம். கடைசி அமர்வு முடிந்தபோது அந்தத் தாளில் இரண்டு சிவப்பும் மூன்று நீலமும் இருந்தன.

முதல் சிவப்பு, சிலுவைப்போரின்போது எகிப்தின் மன்சூரா, 1250 பிப்ரவரி 8. ஒன்பதாம் லூயி மன்னரின் தம்பியும் ஆர்த்வா பிரபுவுமான ராபர்ட், முன்படையோடு ஆற்றைக் கடந்தார். முழுப்படையும் கடக்கும்வரை நிற்கவேண்டும் என்பது அரசரின் ஆணை. ராபர்ட் நிற்கவில்லை. எதிரியின் பாசறையைத் தாக்கிச் சிதறடித்தார், சரி. அதோடு நின்றிருக்கலாம். உடனிருந்த டெம்ப்ளர் துறவி வீரர்கள் தடுத்தும் கேளாமல் நகரத்துக்குள்ளேயே பாய்ந்தார். குறுகிய தெருக்களில் குதிரையைத் திருப்பக்கூட இடமில்லை. அவரும் அவரோடு போனவர்களில் பெரும்பாலோரும் அங்கேயே மடிந்தார்கள். இரண்டு மாதத்தில் அரசரே சிறைப்பட்டார்.

அந்த ராபர்ட் இறந்தபின் பிறந்த மகன் இரண்டாம் ராபர்ட். அவர்தான் 1302 ஜூலை 11 அன்று ஃபிளாண்டர்ஸின் (இன்றைய பெல்ஜியம்) கோர்ட்ரைக் நகருக்கு வெளியே பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கினார். அனுபவமில்லாதவர் அல்லர். ஐந்தாண்டுக்கு முன் அதே ஃபிளாண்டர்ஸ்காரர்களை வென்றவர். அந்த வெற்றியே கண்ணை மறைத்தது என்று நினைக்கிறேன். எதிரே நின்றவர்கள் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் நிறைந்த நகரப் படை. அவர்கள் கையில் முனையில் இரும்பு வைத்த தடித்த கழிகளும் ஈட்டிகளும். இரு படைக்கும் நடுவே ஓடைகளும் வாய்க்கால்களும். ஓடையைத் தாண்டியபின் குதிரைகள் சிக்கிக்கொள்ளும் என்று தளபதி ரவுல் எச்சரித்ததாகவும், அதற்காக அவரது விசுவாசமே சந்தேகிக்கப்பட்டதாகவும் சொல்கிறார்கள். பிரெஞ்சுக் காலாட்படையும் குறுக்குவில் வீரர்களும் முன்னேறிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களைப் பின்னால் வரச்சொல்லிவிட்டுக் குதிரைகளை ஏவினார் ராபர்ட். அவரும் மாண்டார், எச்சரித்த ரவுலும் மாண்டார். இறந்தவர்களிடமிருந்து எடுத்த சுமார் 500 தங்கக் குதிமுட்களை (குதிரையை விரட்டக் குதிகாலில் கட்டும் முட்கள்) ஊர்க்காரர்கள் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள். அந்தப் போரை இன்றும் 'தங்கக் குதிமுட் போர்' என்றே அழைக்கிறார்கள்.

1346 ஆகஸ்ட் 26, வடபிரான்சின் கிரெசி; எதிரே இங்கிலாந்துப் படை. இந்த அமர்வுக்கு நல்ல வரவேற்பு இருந்தது, வந்தவர்களுக்கு நன்றி. ஆர்த்வா குடும்பம் அங்கில்லை. இரண்டாம் ராபர்ட்டின் பேரன் மூன்றாம் ராபர்ட், ஆர்த்வா உரிமை வழக்கில் தோற்று, நாட்டைவிட்டு ஓடி, இங்கிலாந்து அரசரோடு சேர்ந்து, 1342இல் இறந்துபோனார். ஆனால் குடும்பத்தின் பழக்கம் படை முழுவதற்கும் தொற்றியிருந்தது. உளவு பார்த்து வந்தவர்கள், "இன்று வேண்டாம், படை வந்து சேரட்டும், நாளை பொருதலாம்" என்றார்கள். ஆறாம் பிலிப் மன்னரும் ஒப்புக்கொண்டு நிற்கச் சொன்னார். முன்னாலிருந்தவர்கள் நின்றார்கள். பின்னாலிருந்தவர்களோ, முன்வரிசையை எட்டாமல் நிற்கமாட்டோம் என்று வந்துகொண்டே இருந்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் பின்னிருப்பவர் நெருக்க முன்னிருப்பவர் நகர்வதுபோல மொத்தப் படையும் நகர்ந்து எதிரியின் முகத்தில் போய் முட்டி நின்றது. அப்போது மாலையாகிவிட்டது.

கூலிக்கு வந்த ஜெனோவா குறுக்குவில் வீரர்களை முதலில் அனுப்பினார்கள். நாள் முழுக்க நடந்து களைத்தவர்கள் அவர்கள். குறுக்குவில்லை ஏற்றும் நேரத்தில் ஒளிந்துகொள்ள ஆளுயரக் கேடயம் வேண்டும். அந்தக் கேடயங்கள் எங்கோ பின்னால் வண்டிகளில் வந்துகொண்டிருந்தன. ஆங்கிலேயரின் நீள்வில் அம்புமழையில் அவர்கள் நிலைகுலைந்து திரும்பினார்கள். பின்னால் நின்ற அலான்சோன் பிரபு, அரசரின் தம்பி, அவர்களைத் துரோகிகள் என்று கருதி அவர்கள் மேலேயே குதிரைகளை ஓட்டினார். சொந்தப் படையை மிதித்துக்கொண்டு மேட்டில் ஏறிய குதிரைகள்மேல் அம்புகள் விழுந்தன. இருட்டும்வரை அலையலையாகப் பாய்ந்தார்கள். ஒரு அலைக்கும் இன்னொரு அலைக்கும் தொடர்பில்லை. அலான்சோனும் இறந்தார்; பார்வையிழந்த பொஹிமியா அரசர் ஜானும் தம் வீரர்களின் குதிரைகளோடு தம் குதிரையைப் பிணைத்துக்கொண்டு போய் இறந்தார்.

மீண்டும் ஆங்கிலேயரோடு நடந்த புவாத்தியே போர் (1356 செப்டம்பர் 19) பற்றிய அமர்வை நடத்த ஒப்புக்கொண்டிருந்த உறுப்பினர் கடைசி நேரத்தில் வரவில்லை. நானே சுருக்கமாகப் பேசினேன். மார்ஷல் பதவியிலிருந்த இரண்டு பிரெஞ்சுத் தளபதிகள் களத்திலேயே வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு தனித்தனியாகத் தாக்கினார்கள். ஒரு பிரிவு போரிடாமலே கிளம்பிப்போனது. இரண்டாம் ஜான் மன்னர் சிறைப்பட்டார். அவரோடு மூன்றாம் ராபர்ட்டின் மகன் ஜான் ஆர்த்வாவும் சிறைப்பட்டார். நம் தாளில் முதல் நீலம் அவர்தான்.

இரண்டாவது நீலம் அவர் மகன் பிலிப். 1396 செப்டம்பர் 25, இன்றைய பல்கேரியாவில் உள்ள நிக்கோபோலிஸ், துருக்கியருக்கு எதிரான சிலுவைப்போர். அப்போது பிலிப்தான் பிரான்சின் தலைமைத் தளபதி. துருக்கியரோடு மோதிப் பழகிய ஹங்கேரி அரசர் சிகிஸ்மண்ட், வலாக்கியரின் (இன்றைய ருமேனியப் பகுதியினர்) இலகுவான படையை முதலில் விடலாம், பிரெஞ்சுக் கனரகக் குதிரைகளை முடிவான அடிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். மூத்த பிரெஞ்சு வீரர்களான கூசியும் கடற்படைத் தளபதி ஜான் தெ வியேனும் அதுதான் சரி என்றார்கள். பிலிப்புக்கு அது அவமானமாகப் பட்டது. சில நாள் முன்பு கூசி ஒரு பதுங்கு தாக்குதலில் வென்றதையே பொறுக்காதவர் அவர். ஹங்கேரி அரசர் புகழைத் தட்டிப்பறிக்கப் பார்க்கிறார் என்று சொல்லிவிட்டுப் பாய்ந்தார். குதிரை வயிற்றை நோக்கிக் கூராக நட்டிருந்த கழிகளைப் பிடுங்கப் பலர் இறங்கவேண்டியதாயிற்று. அப்படியும் வென்று, மூச்சிரைக்க மேட்டின் உச்சிக்குப் போனால், அங்கே சுல்தான் பாயசித்தின் சிப்பாகிக் குதிரைப்படை அயராமல் காத்திருந்தது. ஹங்கேரியர் எங்கே? வெகு பின்னால். வியேன் களத்தில் இறந்தார். கூசியும் பிலிப்பும் அடுத்த ஆண்டு துருக்கியரின் சிறையில் இறந்தார்கள். சொன்னது கேட்கப்படாமல் போனவர்களும் அதற்கான விலையைச் சேர்ந்தே கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் பொறுக்கமுடியாத விஷயம்.

ஆங்கிலேயரிடம் பிரெஞ்சுப் படை மீண்டும் தோற்ற அஜின்கோர்ட் போர் பற்றிய அமர்வைக் குறித்து மனம் திறந்து சொல்லவேண்டும். அதற்குத்தான் மாதக்கணக்காகத் தயாரித்தோம். வரைபடம், படங்கள், இரவல் வாங்கிய புரொஜெக்டர் எல்லாம் தயார். ஐந்து உறுப்பினர்கள் ஆளுக்கொரு பகுதி பேசுவதாக எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் இருவர். மற்றவர்களில் ஒருவர் மட்டும் முன்கூட்டிச் சொன்னார். கேட்க வந்தவர்களோ வெறும் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நெடுந்தொலைவு பேருந்தில் வந்த கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

1415 அக்டோபர் 25 அன்று பிரெஞ்சுக்காரர்களிடம் திட்டம் இல்லாமல் இல்லை. மார்ஷல் பூசிக்கோவின் பெயரால் சில நாள் முன் எழுதப்பட்ட போர்த்திட்டம் இன்றும் ஆவணமாக இருக்கிறது. விவரமறிந்த திட்டம். வில்லாளர் முன்னே, குதிரைகள் பக்கவாட்டில், ஆங்கில வில்லாளரை முதலில் கலைப்பது, பின்னே ஒரு பிரிவு சரக்கு வண்டிகளைத் தாக்குவது என்று எல்லாம் யோசித்து எழுதியிருக்கிறார்கள். ஆறாம் சார்லஸ் மன்னர் மனநோயில் இருந்தார். அரசரில்லாத களத்தில் யார் சொல்லை யார் கேட்பது? பிரபுக்கள் எல்லாரும் முன்வரிசையில் நிற்கவேண்டும் என்றார்கள். வில்லாளர் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள், பயனில்லாமல் நின்றார்கள். இரண்டு காடுகளுக்கு நடுவே இடமோ குறுகல், புதிதாக உழுத நிலம், இரவெல்லாம் மழை.

பக்கவாட்டுக் குதிரைப்படையைத்தான் அன்று விரிவாகப் பேசினோம். அந்தத் திட்டமே அவர்களை நம்பித்தான். ஆங்கிலேயர் திடீரென முன்னேறி அம்பு விட்டபோது, குதிரைவீரர்களில் பலர் தம் இடத்திலேயே இல்லை. சிலர் குளிர்காயப் போயிருந்தார்கள். சிலர் குதிரைக்குத் தீனி வைக்கவும், அதை நடத்திச் சூடேற்றவும் போயிருந்தார்கள். இருந்தவர்களை மட்டும் வைத்துப் பாய்ந்தார்கள். நட்டிருந்த கழிகளில் முட்டி, அம்பு தைத்த குதிரைகள் திரும்பி ஓடி, சேற்றில் நடந்துவந்த தம் காலாட்களையே இடித்துச் சாய்த்தன. தாமதமாக வந்து சேர்ந்த பிரபான்ட் கோமகன் அந்தோவான், தம் கவசம் வந்துசேரவில்லை என்பதால், எக்காளக்காரனின் கொடித்துணியில் ஓட்டை போட்டுத் தலைவழியே மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். அன்றே கொல்லப்பட்டார். நம் மூன்றாவது நீலம், பிலிப்பின் மகன் சார்லஸ் ஆர்த்வா, அங்கே பிடிபட்டு 1438 வரை சிறையிலிருந்தார். நிக்கோபோலிஸில் துருக்கியரிடம் பிடிபட்டு, மீட்புப் பணம் கொடுத்து விடுபட்ட பூசிக்கோ, இங்கே இரண்டாம் முறை பிடிபட்டு இங்கிலாந்திலேயே இறந்தார். நல்ல திட்டம் எழுதியவருக்கு அந்தக் கதி.

இதையெல்லாம் படிப்பது நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்.

கணக்கு விவரம்: வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. வாடகை, தேநீர், அச்சுச் செலவு, வரைபடத் தாள் ஆகியவை போகச் சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரமான கணக்கைப் பொருளாளர் வைப்பார். சந்தா பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கணிசமானோர் இரண்டாம் ஆண்டாகச் சந்தா செலுத்தவில்லை. நினைவூட்டலைப் பார்த்ததற்கான நீலக் குறி வருகிறது, பதில் வருவதில்லை. அரங்க உரிமையாளருக்கு ஒரு மாத வாடகையைத் தாமதமாகக் கொடுக்க நேர்ந்தது. அது வட்டத்தின் பெயருக்கு நல்லதில்லை.

நன்றிகள்: தலைமை தாங்கி வழிநடத்திய தலைவர் அவர்களுக்கும், பொறுமையோடு கணக்கைக் காத்த பொருளாளர் அவர்களுக்கும், புரொஜெக்டர் தந்து உதவிய நண்பருக்கும், வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிய மாணவிக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாற்காலி எடுத்துப்போட்ட தம்பிகளுக்கும் வட்டத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு, இதே கதையின் மறுபாதியைப் படிக்கலாம் என்பது செயற்குழுவின் விருப்பம். தோற்றவர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் தலைப்பு. அஜின்கோர்ட்டில் பிடிபட்டவர்களில் ஆர்த்தர் தெ ரிஷ்மோன் என்ற இளைஞர் ஒருவர். அவரே பின்னாளில் பிரான்சின் தலைமைத் தளபதி ஆனார். 1445இல் ஏழாம் சார்லஸ் மன்னர் நிலையான குதிரைப்படைக் குழுக்களை அமைத்தார். அதற்கு முன் படைவீரன் பிரபு கூப்பிட்டால் வருவான், தோன்றினால் போவான். புதிய குழுக்களில் ஆள் கணக்குப் பார்த்தார்கள், இடத்தில் இருக்கிறானா என்று சரிபார்த்தார்கள், தவறாமல் சம்பளம் கொடுத்தார்கள். சம்பளத்துக்காக வரியும் முறையாக வசூலானது. 1450 ஏப்ரல் 15 அன்று ஃபோர்மிஞியில் ஒரு பிரெஞ்சுப் படை திணறிக்கொண்டிருந்தபோது, ரிஷ்மோன் தம் குதிரைகளோடு சரியான பக்கத்தில் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தார். ஆங்கிலப் படை அழிந்தது. மூன்றாண்டில், இங்கிலாந்தோடு நடந்துவந்த நூறாண்டுப் போரே முடிந்தது.

இந்தத் தொடரை நடத்த எனக்கு ஆர்வம் இருக்கிறது. ஆனால் செயலாளர் ஒருவரே பேச்சாளர், வரைபடக்காரர், சந்தா வசூலிப்பவர் என்று எல்லாமாக இருந்து இன்னொரு ஆண்டை ஓட்டமுடியாது. பொறுப்பை ஏற்க முன்வருபவர் இருந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். நானே தொடரவேண்டும் என்று பொதுக்குழு கருதினால், ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு பேச்சாளரும் ஒரு மாற்றுப் பேச்சாளரும் இன்றே பெயர் தரவேண்டும் என்பது என் வேண்டுகோள். பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே பொருளாளரிடம் இருக்கிறது.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்